கடலூர் மணற்கல்லில் விளைந்த காட்டுச் செம்மண்ணின் இயல்புகள்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளின் மேட்டுநிலங்களில் காணப்படும் செம்மண், கடலூர் மணற்கல் எனப்படும் படிவுப்பாறை சிதைந்து உருவானதாகும். உலர் பசுமைமாறாக் காடுகளின் எச்சங்களாகிய கோயிற்காடுகள் பல இம்மண்ணிலேயே நிற்கின்றன. இம்மண்ணின் தோற்றம், இழைநயம், நீர்ப்பிடிப்பு, சத்துநிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இம்மண்ணின் வளம் பாறையிலிருந்து வருவதன்று, காட்டிலிருந்தே வருவது என்னும் கருத்தும் இதில் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கடலூர் மணற்கல், செம்மண், இருவாட்டி மண், மட்கு, கயோலினைட், கோயிற்காடு, காயா, குருந்து

முன்னுரை

தமிழகத்தின் பெரும்பகுதி நிலத்தைச் செம்மண் என்னும் ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். நிறத்தை வைத்து இட்ட பெயர் என்ற அளவில் அதில் பிழையில்லை. ஆனால் தருமபுரியின் செம்மண்ணும் திருமாணிக்குழியின் செம்மண்ணும் ஒரே பிறப்புடையவை அல்ல. முன்னது நைஸ் போன்ற உருமாறிய படிகப்பாறை நேரடியாகச் சிதைந்ததால் விளைந்தது. பின்னது, அத்தகைய பாறைகளிலிருந்து பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்து ஆறுகளால் அடித்துவரப்பட்டுப் படிந்து இறுகிய மணற்கல், மீண்டும் ஒருமுறை சிதைந்ததால் விளைந்தது. இதனை இருமுறை சிதைந்த மண் எனலாம். இவ்வேறுபாடு பாடநூல்களில் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. எனினும் அந்நிலத்தில் நிற்கும் காட்டின் தலைவிதி இதில்தான் அடங்கியுள்ளது.

தாய்ப்பாறை

கடலூர் மணற்கல் என்னும் பெயரை 19ஆம் நூற்றாண்டில் எச்.எஃப். பிளான்ஃபோர்டு தம் நிலவியல் அளவீட்டில் வழங்கினார். மயோசீன், பிளியோசீன் காலங்களைச் சேர்ந்த இப்படிவு புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் வழியாகத் தெற்கே புதுக்கோட்டை வரை விட்டுவிட்டுப் பரவியுள்ளது. திருவக்கரையின் கல்மரங்கள் இப்படிவில்தான் கிடைக்கின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை மூடியிருப்பதும் இதே மணற்கல்லே.

இது கட்டடத்திற்கு உதவும் கெட்டியான கல்லன்று. பரல் கலந்த பருமணல், வெண்களி, செம்புள்ளியிட்ட களி ஆகியவை மாறிமாறி அடுக்கப்பட்ட, பல இடங்களில் கைக்கோடரிக்கே உதிரும் படிவு. இதன் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மேற்கேயுள்ள படிகப்பாறைகளில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் வழியிலும் படிந்த பின்னரும் சிதைந்து கயோலினைட் என்னும் வெண்களியாக மாறிவிட்டது. சுண்ணாம்புச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை மெல்லமெல்ல வெளியிடக்கூடிய கனிமங்கள் இதில் மிகக் குறைவு. வேறு சொற்களில் கூறின், மண்ணாவதற்கு முன்பே இப்பாறை தன் செல்வத்தை இழந்துவிட்டது.

இழைநயமும் அடுக்குகளும்

இம்மண்ணின் மேலடுக்கு மணற்பாங்கான இருவாட்டி மண். ஆழம் செல்லச்செல்லக் களியின் பங்கு கூடி, மணலும் களியும் கலந்த இருவாட்டியாக மாறுகிறது. மழைநீர் மெல்லிய களித்துகள்களைக் கீழே இறக்குவதே இதற்கு முதன்மைக் காரணம். காட்டினுள் மேற்பரப்பில் சருகும், அதன்கீழ்க் கரும்பழுப்பான மட்கு கலந்த மெல்லிய அடுக்கும் உள்ளன. அதற்குக் கீழே நிறம் விரைவில் செம்மையாகிறது. ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு குவார்ட்ஸ் மணிகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே அச்செம்மை. சில இடங்களில் இரும்பு திரண்டு சிறு குறுணைகளாகவும் செம்புறாங்கல்லாகவும் இறுகியுள்ளது.

இரும்பு ஆக்சைடு நிறம் தருவதோடு நிற்பதில்லை. களித்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சிறு உருண்டைகளாக்குகிறது. அதனால் களி மிகுந்த கீழடுக்கும் மணலைப் போல நீரை எளிதில் உள்வாங்குகிறது. கயோலினைட் நனைந்தால் அதிகம் உப்புவதில்லை, காய்ந்தால் கரிசலைப் போல் அகன்று வெடிப்பதுமில்லை. வேர்கள் தடையின்றி ஆழமாக இறங்க இது துணைபுரிகிறது.

ஆய்வுரைகளில் இம்மண் இரும்பு, அலுமினியச் செறிவுடைய வெப்பமண்டலச் செம்மண் எனக் குறிக்கப்படுகிறது. அத்தகைய முற்றிய சிதைவுக்கு இன்றைய தட்பவெப்பம் போதுமானதாகத் தோன்றவில்லை. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் வறண்டிருக்கும் இக்கடற்கரையில், மண்ணின் முதிர்ச்சி பெரிதும் தாய்ப்பாறையிலிருந்தும் பழைய ஈரக் காலங்களிலிருந்தும் பெற்ற மரபுரிமை என்று கொள்வதே பொருத்தம்.

நீர்நிலை

இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஜனவரிக்குப் பின் நீண்ட வறட்சி. இந்நிலையில் இலையுதிர்க் காட்டையே எதிர்பார்க்க வேண்டும். நிற்பதோ பசுமைமாறாக் காடு. சாம்பியன், சேத் ஆகியோரின் 1968ஆம் ஆண்டு வகைப்பாடு இதனைத் தனி வகையாகவே கொண்டது.

இப்புதிருக்குத் தடித்த இலை, கோடையில் இடையிடையே பெய்யும் மழை எனப் பல விடைகள் உண்டு. மண்ணும் அவற்றுள் ஒன்று. இத்தகைய இருவாட்டி மண் பொதுவாக ஒரு மீட்டர் ஆழத்திற்கு 100 மி.மீ. அளவிலேயே பயிருக்குக் கிட்டும் நீரைத் தாங்கும். ஒரு சாண் வேர் கொண்ட பயிருக்கு அது சில நாள்களுக்குத்தான் போதும். பல மீட்டர் ஆழம் வேர் இறக்கிய மரத்திற்கோ அது மாதக்கணக்கில் உதவும் இருப்பு. ஒரே மண் உழவனுக்கு வறண்டதாகவும் காட்டுமரத்திற்கு ஈரமுள்ளதாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

சத்துநிலையும் மட்கும்

இம்மண்ணின் இயல்புகளுள் மிகுந்த கவனத்திற்குரியது இதுவாகும். மண் தன்னிடமுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல்சத்து ஆகியவற்றை நீரோடு போகவிடாமல் பிடித்துவைக்கும் ஆற்றலை நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் என்பர். கரிசலிலுள்ள ஸ்மெக்டைட் களிக்கு இத்திறன் கிலோவுக்கு 80 முதல் 150 செண்டிமோல் வரை. கயோலினைட்டுக்கு 3 முதல் 15 மட்டுமே. மட்குக்கு ஏறத்தாழ 200.

ஓர் எளிய கணக்கு இதன் விளைவைக் காட்டும். மேலடுக்கில் 15 விழுக்காடு கயோலினைட் களி இருப்பதாகவும் அதன் திறன் 10 எனவும் கொண்டால், ஒரு கிலோ மண்ணுக்குக் களி அளிப்பது 1.5 செண்டிமோல். அதே மண்ணில் 2 விழுக்காடு மட்கு இருந்தால் அது அளிப்பது 4 செண்டிமோல். எடையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத மட்கு, களியைவிட இருமடங்குக்கும் மேலாகச் சத்தைக் காக்கிறது. சருகு விழுவது நின்று மட்கு எரிந்தும் அரித்தும் போய்விட்டால், எஞ்சும் மண் தனக்கு இடும் உரத்தைக்கூடப் பிடித்துவைக்க இயலாது. நைஸ் பாறைச் செம்மண்ணில் எஞ்சியுள்ள ஃபெல்ட்ஸ்பார் மெல்லச் சிதைந்து ஓரளவு ஈடுசெய்யும். இங்கே அதற்கும் வழியில்லை.

மணிச்சத்தின் நிலை இன்னும் நெருக்கடியானது. இரும்பு ஆக்சைடு அதனைப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. வேர்களோடு கூடிவாழும் பூஞ்சைகளும், விழுந்த சருகிலிருந்தே சத்தை உறிஞ்சும் நுண்வேர்களும் இக்குறையை ஈடுகட்டுகின்றன. கறையான்கள் கீழடுக்குக் களியை மேலே கொண்டுவந்து புற்றெழுப்புவதும் இச்சுழற்சியின் ஒரு பகுதியே. கோயிற்காடுகளில் புற்று வழிபடப்படுவதால் அது இடிக்கப்படாமல் நிற்பது மண்ணியல் நோக்கிலும் நன்மையே.

முல்லை மரங்களும் இம்மண்ணும்

திருமாணிக்குழி, புத்துப்பட்டு முதலிய கோயிற்காடுகளைப் போன்ற இவ்வகைக் காடுகளில் காயா, வீரை, உலக்கைப்பாலை, நாவல், உசில், காட்டெலுமிச்சை முதலியன வளர்கின்றன. இவற்றுள் காயா என்பது தாவரவியலார் மெமிசைலான் அம்பெல்லேட்டம் என்பது. காட்டெலுமிச்சை எனப்படும் அட்டலான்ஷியா மோனோஃபில்லாவைக் குருந்தோடு இணைப்பர். காயாவும் குருந்தும் சங்க இலக்கியத்தில் முல்லைத் திணையின் கருப்பொருள்களாக அறியப்பட்டவை. கொன்றையும் இக்காடுகளில் உண்டு. முல்லைப் பாடல்கள் இம்மணற்கல் நிலத்தையே பாடின என்று இதனால் கூறிவிட முடியாது. இம்மரங்கள் பிற செம்மண்களிலும் வளர்பவை. ஆயினும் கார்ப்பருவம் தொடங்கியதும் பூத்து நிற்கும் செம்மண் காடு என்னும் முல்லைக் காட்சியின் கூறுகள் சில, இன்று நேரில் காணத்தக்க வகையில் எஞ்சியுள்ள இடங்களுள் இதுவும் ஒன்று. திணை ஆய்வாளர்கள் இதுவரை இக்காடுகளைப் போதிய அளவு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

காடு நீங்கிய மண்

மரம் அகன்றதும் இம்மண்ணின் நடத்தை தலைகீழாகிறது. வெற்று நிலத்தில் விழும் மழைத்துளி மேற்பரப்பின் உருண்டைகளை உடைக்கிறது. பிரிந்த களித்துகள் மண்துளைகளை அடைத்து மேலே ஓடு போல் இறுகுகிறது. காட்டினுள் நொடியில் உறிஞ்சப்பட்ட நீர் இப்போது வழிந்தோடுகிறது. கீழேயுள்ள மணற்கல் உறுதியற்றதாகையால், சிறு வாய்க்கால் சில பருவங்களிலேயே ஆழ்ந்த ஓடைப்பள்ளமாகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஆரோவில் மேட்டில் இத்தகைய பள்ளங்களை இன்றும் காணலாம். கிராவலுக்காகச் செம்மண் வெட்டப்படும் இடங்களில், மழை நூற்றாண்டில் செய்யும் வேலையை இயந்திரம் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது.

1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அம்மேடு பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. அங்குக் குடியேறியோர் முதலில் செய்தது மரநடவு மட்டுமன்று, சமவுயர வரப்புகள் எழுப்பி மழைநீரை நிறுத்தியதும் ஆகும். ஏழை மண்ணிலும் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா முதலில் நிழலும் சருகும் தந்தது. அதன் நிழலில் உள்நாட்டு மரங்கள் ஊன்றப்பட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அந்த அக்கேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன. பண்ருட்டிப் பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு வீழ்ந்தன. அக்கேசியாக்கள் சாய்ந்த வெளிகளில் வெயில் பட்டதும், அவற்றின் சருகு மட்கிய அடுக்கில் வேர்பிடித்திருந்த உள்நாட்டு இளமரங்கள் மேலெழுந்தன.