எலுமிச்சம்பழம் தந்த கருவி!

எலுமிச்சஞ்சாறு புளிக்கும். எவ்வளவு புளிப்பு? நாக்கு கணக்குச் சொல்லுமா?

1934-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா பழ விவசாயிகள் சங்கத்துக்கு இந்தச் சங்கடம் வந்தது. சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக வாயு, புளிப்பைக் காட்டும் லிட்மஸ் தாளையே வெளுக்க வைத்தது!

சங்கத்தின் ரசாயன நிபுணர் கிளென் ஜோசப், கல்லூரித் தோழரான பேராசிரியர் ஆர்னால்டு பெக்மனிடம் போனார். பெக்மன், வால்வுகளை வைத்துக் கருவி செய்து கொடுத்தார். முள் நகர்ந்தது, அளவு தெரிந்தது!

பிறகு ஜோசப் மீண்டும் வந்தார். இன்னொரு கருவி வேண்டுமாம்! முதல் கருவியைச் சக ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்களாம்!

அதுவே "பி.எச். மீட்டர்". இன்று குடிநீரையும் மண்ணையும் சோதிப்பது அதுதான். ஆனால், அளவு தெரிந்த திரவத்தில் முதலில் சரிபார்க்காவிட்டால் அதுவும் பொய் சொல்லும். மாணவர்கள் சோதனைச்சாலையில் பழகவேண்டியது அதைத்தான்!