மாங்காய் போகும் வழி

ஜூன் மாதம் வந்தால் சித்தூர் மாவட்டச் சாலைகளில் மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசைகட்டுகின்றன. கார்வேட்டிநகரம் பக்கத்துத் தோப்புக் காய் சித்தூர் கூழ் ஆலைக்குப் போகலாம். திருத்தணி வழியாகச் சென்னைக்கும் போகலாம். எங்கே எவ்வளவு? பொருளாதார நிபுணர்களைத் திணறடிக்கும் கேள்வி இது.

இங்கே எல்லையே இடம் மாறியிருக்கிறது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை ஒரே மாவட்டத்துக்குள் நடந்த வியாபாரம் அன்றிலிருந்து மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம்!

அயல்நாட்டு வர்த்தகத்துக்குச் சுங்கத்துறைக் கணக்கு இருக்கிறது. உள்நாட்டில் ரயில் சரக்குக்குப் பதிவு உண்டு. லாரிக்கு அப்படி இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரலில் வந்த 'இ-வே பில்' முறை 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கைப் பதிவு செய்கிறது. ஆனால் புதுப் பழங்களுக்கு அதில் விலக்கு. டின்னில் அடைத்த கூழ் கணக்கில் ஏறும். அதற்குப் போன மாங்காய் ஏறாது.

எனவே ஊகிக்க வேண்டியிருக்கிறது. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962இல் பயன்படுத்திய ஈர்ப்பு விதி பிரபலமானது: இரு ஊர்களின் பொருளாதாரம் பெரிதானால் வர்த்தகம் கூடும், தூரம் கூடினால் குறையும். இதன்படி சென்னைதான் காயை இழுக்க வேண்டும். ஆனால் சிறிய சித்தூர், ஆலைகளின் பலத்தால் அண்டை மாநிலக் காயையும் இழுக்கிறது. ஆகவே விளைச்சல், நுகர்வு, ஆலைக் கொள்முதல் ஆகிய மொத்தங்களோடு பொருந்தும்வரை ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். வரி விவரங்களை அலசிய 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, மாநிலங்களுக்கு இடையிலான சரக்கு வர்த்தகம் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 54 சதவீதம் என மதிப்பிட்டது.

இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும்? 2025 ஜூனில் விடை கிடைத்தது. தோத்தாபுரி (நம்மூர் கிளிமூக்கு) விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திரம் அறிவித்தது. வெளி மாநிலக் காய்க்குச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. தடையை நீக்கும்படி கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.

எல்லை தாண்டி வரும் காய் எவ்வளவு என்று முன்பே தெரிந்தால், எத்தனை விவசாயிகளுக்கு எவ்வளவு மானியம் ஒதுக்குவது, ஆலைகள் எவ்வளவு வாங்கும் என்று அறுவடைக்கு முன்பே கணக்குப் போடலாம். தெரியாதபோது விவசாயி ஆலை வாசலில் லாரியோடு காத்திருக்கிறார். மாங்காயோ காத்திருப்பதில்லை.