தோளிற் சுமந்த குழல்: யுத்த தாங்கி எதிர்ப்புக் கருவிகளின் வரலாறு

வாள் கூர்மை பெறுந்தோறும் கேடயம் தடிப்புப் பெறும். கேடயம் தடிக்குந்தோறும் வாள் மேலும் கூர்மை பெறும். போர்க்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டின் போட்டியே எனலாம். இருபதாம் நூற்றாண்டில் அப்போட்டி யுத்த தாங்கிக்கும் அதன்முன் தனித்து நின்ற காலாட்படை வீரனுக்குமிடையே நிகழ்ந்தது. ஒரு மனிதன் தோளிற் சுமக்கத்தக்க கருவி, பல தொன் நிறையுள்ள எஃகு ஊர்தியைத் துளைக்கும் ஆற்றலை எவ்வாறு பெற்றது என்பதைப் பௌதிகவியல் கற்போரும் வரலாறு கற்போரும் ஒருங்கே அறிதல் நன்று.

1916ஆம் ஆண்டு செப்தெம்பர் 15ஆம் நாள், பிரான்சிலே சொம் போர்க்களத்தில், பிரித்தானியர் முதன்முதலாக யுத்த தாங்கிகளைப் போரில் ஈடுபடுத்தினர். முட்கம்பியையும் அகழியையும் பொருட்படுத்தாது ஊர்ந்துவந்த அவற்றைச் சாதாரணத் துப்பாக்கிக் குண்டுகளால் நிறுத்தல் அரிதாயிற்று. இதற்கு விடையாக ஜேர்மானியர் 1918இல் 13.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டைச் செலுத்தும் மௌசர் பெருந்துப்பாக்கியைக் களத்திற்குக் கொணர்ந்தனர். பிரித்தானியரும் 1937இல் 'போய்ஸ்' எனும் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டனர். ஆயின் இவ்வழி நெடுந்தூரஞ் செல்லவில்லை. குண்டின் துளைக்கும் வலிமை அதன் திணிவையும் வேகத்தையும் சார்ந்தது. அவற்றைக் கூட்டினால் பின்னுதைப்பும் கூடும். தாங்கியின் கவசத்தை மேன்மேலும் தடிப்பாக்கலாம். மனிதனுடைய தோளை அவ்வாறு வலிதாக்க இயலாது.

எனவே அறிஞர்முன் இரு வினாக்கள் எழுந்தன. வேகத்தின் துணையின்றிக் கவசத்தைத் துளைப்பது எங்ஙனம்? தோளை உதையாது பெரிய குண்டைச் செலுத்துவது எங்ஙனம்?

முதல் வினாவுக்கான விடையின் வித்து 1888இலேயே இடப்பட்டிருந்தது. அமெரிக்க இரசாயன அறிஞர் சாள்ஸ் மன்றோ, வெடிபஞ்சுக் கட்டிகளை உலோகத் தகட்டின்மீது வைத்து வெடிக்கச்செய்தபோது, கட்டியிற் குடைந்து பொறிக்கப்பட்டிருந்த எழுத்துக்கள் தகட்டிலும் குழிந்து பதிந்திருக்கக் கண்டார். வெடிமருந்தில் உட்குழிவு இருப்பின், வெடிப்பின் ஆற்றல் அக்குழிவுக்கு நேரே குவியும் என்பது இதனாற் புலனாயிற்று. 1930களில், அக்குழிவுக்குள் மெல்லிய உலோகக் கூம்பைப் பொருத்தினால் துளைக்கும் ஆற்றல் பெரிதும் பெருகும் என்பதை ஐரோப்பிய ஆய்வாளர் அறிந்தனர். வெடிப்பின் அமுக்கத்தாற் கூம்பு உள்நோக்கி மடிந்து, ஊசிபோன்ற தாரையாகப் பாய்கின்றது. அதன் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகங்கொள்ளும். அது கவசத்தை உருக்கிச் செல்கின்றது எனப் பலர் கருதுவர், அது பிழை. அத்தாரை விளைக்கும் பேரமுக்கத்தின்முன் எஃகும் திரவம்போல் விலகி வழிவிடுகின்றது என்பதே உண்மை. துளையின் ஆழம் கூம்பின் விட்டத்தைப் பெரிதும் சார்ந்தது. குண்டு வந்த வேகத்தைச் சார்ந்ததன்று.

இரண்டாம் வினாவுக்கு நியூற்றனின் மூன்றாம் விதி விடையளித்தது. குழலின் இரு முனைகளும் திறந்திருப்பின், வாயு பின்னே வெளியேற, குண்டு முன்னே செல்லும், தோளுக்கு உதைப்பில்லை. ஆயின் குழலின் பின்னே நிற்பவருக்கு அவ்வாயு பேராபத்து விளைக்கும். அமெரிக்கரான ரொபேட் கொடார்ட், குழலினின்று செலுத்தும் சிறு றொக்கெற்றை 1918 நவம்பர் 6ஆம் நாள் இராணுவத்தினர்முன் இயக்கிக் காட்டினார். ஐந்தாம் நாள் போர் ஓய்ந்தது, அம்முயற்சியும் ஓய்ந்தது.

இவ்விரு விடைகளும் 1942இல் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்க அதிகாரிகளான ஸ்கின்னர், ஊல் என்போர் உட்குழிவு வெடிகுண்டை றொக்கெற்றிற் பொருத்தி, 60 மில்லிமீற்றர்க் குழலினூடே செலுத்தினர். நகைச்சுவைக் கலைஞர் ஒருவரது இசைக்கருவியை அது ஒத்திருந்தமையாற் 'பசூக்கா' எனப் பெயர் பெற்றது. கைப்பற்றிய பசூக்காவைக் கண்ட ஜேர்மானியர், 88 மில்லிமீற்றர் விட்டமுள்ள 'பன்சர்ஷ்ரெக்' குழலை அமைத்தனர். ஒருமுறை ஏவி எறிந்துவிடத்தக்க 'பன்சர்ஃபௌஸ்ற்' கருவியையும் இலட்சக்கணக்கில் உற்பத்தி செய்தனர். பிரித்தானியரது 'பியற்' கருவியோ வலிய சுருளிவில்லைக் கொண்டு குண்டின் செலுத்துமருந்தைப் பற்றவைத்தது. அதனை இழுத்துப் பூட்டுதல் கடினம். எனினும் பின்னே தீச்சுவாலை எழாமையால் வீட்டினுள்ளிருந்தும் ஏவக்கூடியதாயிருந்தது.

போர் முடிந்ததும் அமெரிக்கர் சிறிது அயர்ந்தனர். அதன் விலை 1950 யூலை 5ஆம் நாள் கொரியாவில் ஓசான் அருகே தெரிந்தது. ஏறத்தாழ 540 பேர் கொண்ட அமெரிக்கப் படை, வடகொரியரின் ரி-34 தாங்கிகளை எதிர்கொண்டது. பழைய பசூக்காவால் ஓர் இளம் அதிகாரி மிக அண்மையில் நின்று 22 றொக்கெற்றுகளை ஏவியும் தாங்கிகள் நிற்கவில்லை. 89 மில்லிமீற்றர்ப் பசூக்காக்கள் விமானத்தில் விரைந்து அனுப்பப்பட்டன. அம்மாதம் 20ஆம் நாள் தேஜோன் நகரில் அவை தாங்கிகளை அழித்தன. விட்டத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைந்தமை எத்தனை உயிர்களுக்கு இறுதியாயிற்று என்பதை எண்ணுக.

1961இல் சோவியத் படையினர் ஏற்ற ஆர்.பி.ஜி.-7, சிறு குழலின் முனையிற் பெரிய குண்டைத் தாங்குவது. இப்பெயர் நம் நாட்டவர் செவிக்கும் புதியதன்று. 1982இல் லெபனான் போரில் இஸ்ரேலியர், வரும் தாரையைத் தானே வெடித்துக் குலைக்கும் கவசத்தைத் தாங்கிகளிற் பூட்டினர். பின்னர்க் கருவியும் மாறியது: ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் இரட்டைக் குண்டு தோன்றியது. 1996இல் அமெரிக்கப் படையிற் சேர்ந்த 'ஜவெலின்' ஏவுகணை, இலக்கின் வெப்பத்தைத் தானே தொடர்ந்து சென்று, கவசம் மெலிந்த மேற்புறத்தைத் தாக்குவது. 2022இல் உக்ரேனில் அதன் ஆற்றலை உலகங் கண்டது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. பன்சர்ஃபௌஸ்ற் மலிவானது, பயிலுதற்கும் எளியது. அதனாலேயே 1945இல், தோல்வியை எதிர்நோக்கிய ஜேர்மனியில், அது முதியோர் கையிலும் பள்ளிச் சிறுவர் கையிலும் கொடுக்கப்பட்டது. அதன் முதல் வகை எட்டிய தூரம் 30 மீற்றரே. தாங்கி அத்துணை அண்மையில் வரும்வரை அச்சிறுவன் காத்திருத்தல் வேண்டும். கருவி எளிதாகுந்தோறும் அதனை ஏந்துவோன் வயதுங் குறைகின்றது. மன்றோ கண்ட உண்மையிலே குற்றமில்லை. இன்று அவ்வுண்மையே எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களைத் துளைத்து எரிபொருள் வெளிவர வழிசெய்கின்றது. அறிவை எக்கையிற் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு விஞ்ஞானக் கூடத்தை மட்டுமன்றி, வகுப்பறையையும் சார்ந்ததாகும்.