போதலும் ஆக்கப்படுதலும்

ஆங்கிலத்தில் மாற்றத்தைக் குறிக்கும் வினைகள் சில உள. ‘பிக்கம்’, ‘கெற்’, ‘குரோ’, ‘கோ’ என்பன அவற்றுட் சில. இவை இறந்தகால எச்சத்தோடு கூடி, ஒருவர் ஒரு நிலையை விட்டு வேறொரு நிலையை அடைந்தமையை உணர்த்தும். ஆயினும் எல்லா வினையும் எல்லா எச்சத்தோடும் கூடா. மாணவர் பெரிதும் இடர்ப்படும் இடம் இதுவாதலின், சில கூறுதல் நலம்.

‘பிக்கம்’ நிலைத்துநிற்கும் தன்மையை வேண்டும். ‘பிக்கம் நோன்’ என்றால் பலராலும் அறியப்பட்டவராதல். ‘பிக்கம் கில்ட்’ என்பதோ வழு. கொல்லப்படுதல் தன்மையன்று, நிகழ்ச்சி. அவ்விடத்துக் ‘கெற் கில்ட்’ என்பதே வழக்கு. திருமணமாதல், உடைபடுதல், வழிதவறுதல் ஆகியனவும் ‘கெற்’ என்பதோடு கூடும். ‘குரோ’ மெல்ல மெல்ல வரும் மாற்றத்துக்கு உரியது. ஒன்றிற் பழகிப்போதலும் சலித்துப்போதலும் அதன்பாற் படும்.

‘கோ’ என்பதன் இயல்பு தனி. அது பெரும்பாலும் எதிர்மறை எச்சத்தையே நாடும். ‘கோ நோற்றிஸ்ட்’ என்பாரில்லை. ‘கோ அன்நோற்றிஸ்ட்’ என்பர். அஃதாவது, கவனிக்கப்படாமற் போதல். தண்டிக்கப்படாமற் போதலும் விடையளிக்கப்படாமற் போதலும் இவ்வாறே வரும். தமிழில் ‘உடைந்து போயிற்று’ என உடன்பாட்டோடும் ‘போ’ வரும். எனினும் ‘வராமற் போயினான்’ என்னும்போது இரு மொழியும் ஒரே வழியிற் செல்லுதல் காண்க. நடக்கவேண்டியது நடவாமையை இவ்வினை கூறும்; அதற்குக் காரணராயினார் யார் என்பதைக் கூறாது.

சில ஆண்டுகளுக்கு முன் ‘கோ மிஸ்ஸிங்’ என்பதை மொழிபெயர்க்குமாறு வகுப்பிற் பணித்தேன். ‘காணாமற் போதல்’ என்பதே விடை. மாணவன் ஒருவன் ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என எழுதியிருந்தான். சிவப்பு மையாற் கோடிட்டேன். வகுப்பு முடிந்ததும் அவன் வந்து, “ஐயா, எங்கட பெரியப்பா தானாப் போகேல்லை” என்றான்.

அன்றிரவு அவ்விரு தொடர்களையும் பகுத்து நோக்கினேன். ‘போ’ தன்வினை; போனவரையன்றி வேறெவரையும் அது வேண்டாது. ‘ஆக்கு’ பிறவினை, ஆக்கினவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். ‘படு’ சேர்ந்தவழி அவர் பெயர் மறையலாம்; அவர் இருப்பு மறையாது. ஆங்கிலத்திலும் ‘டிஸப்பியர்’ என்பது வழக்கமாகச் செயப்படுபொருள் குன்றிய வினையே. ஆயினும் 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்ரீனாவில் நிலவிய இராணுவ ஆட்சியில் மறைக்கப்பட்டோர்க்கு வழங்கிய ஸ்பானியச் சொல்லை ஒட்டி, அவ்வினை செயப்பாட்டிலும் பரவலாயிற்று. துயரம் இலக்கணத்தையும் வளைக்கும்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அலுவலகம் ‘காணாமற்போன ஆட்கள்’ என்னும் பெயரைத் தாங்கியது. 2017இல் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரோ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே கூறினர். அவர்களுள் இலக்கணம் கற்றோர் சிலரே ஆகலாம். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களினும் நன்கு அறிந்தார் யார்?

மொழிபெயர்ப்பு என்ற அளவில் என் கோடு சரியே. ஆனால் மறுநாள் அவன் கொப்பியை வாங்கி, கோட்டின் அருகே, ‘வினாவுக்கு விடையன்று; வாக்கியம் பிழையன்று’ என எழுதிக் கொடுத்தேன். மாணவர்காள், துணைவினையைத் தெரியுமுன் ஒன்று கேளுங்கள்: போனாரா, ஆக்கப்பட்டாரா? அதற்கு விடை அகராதியில் இராது.