குதிமுள் சொல்லும் ஊர்ப்பெயர்

அமெரிக்க மாட்டுக்காரர்களைப் பற்றிய திரைப்படங்களில், அவர்களுடைய காலணியின் பின்புறம் ஒரு சிறு சக்கரம் கிலுகிலுவென்று ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். குதிரையைத் தூண்டி நடத்த உதவும் அந்தக் கருவியின் பெயர் குதிமுள். பழைய குதிமுள் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், அது எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

முதலில் அதன் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். குதிகாலைப் பற்றிக்கொள்ளும் பகுதி வளைவு. அதிலிருந்து பின்னோக்கி நீள்வது தண்டு. தண்டின் நுனியில் சுழல்வது முட்சக்கரம். ஐரோப்பாவில் தொடக்கத்தில் ஒற்றை முள்தான் இருந்தது. சுழலும் சக்கரம் 13ஆம் நூற்றாண்டில் தோன்றி, அடுத்த நூற்றாண்டில் பரவியது. ஸ்பானியர்கள் அதை அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே வட்டாரத்துக்கு ஒரு பாணி வளர்ந்தது.

கலிபோர்னியப் பாணியில் வளைவையும் தண்டையும் பொதுவாகத் தனித்தனியே செய்து இணைத்திருப்பார்கள். இரும்பைக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளியைப் பதித்திருப்பார்கள். சக்கரம் பெரிது. டெக்சாஸ் பாணியிலோ வளைவும் தண்டும் ஒரே இரும்புத் துண்டிலிருந்து அடித்து உருவாக்கப்பட்டவை. வெள்ளித் தகட்டை மேற்பரப்பில் ஒட்டியிருப்பார்கள். அதுவும் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் மட்டுமே. சிலி நாட்டுக் குதிமுள்ளில் சக்கரம் மிகப் பெரியது. முட்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். அர்ஜென்டினாவின் 'நாசரேனா' வகையில் முட்கள் குறைவு. ஆனால் நீளமானவை, கூர்மையானவை.

இவற்றில் குதிரையை அதிகம் வருத்துவது எது? பெரிய சக்கரம்தான் என்று நினைக்கிறீர்களா? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? நெருக்கமான முட்கள் பல ஒரே நேரத்தில் தோலைத் தொடும்போது விசை அவற்றிடையே பங்கிடப்படுகிறது. எனவே ஒவ்வொரு முள்ளின் அழுத்தமும் குறைகிறது. பார்வைக்குப் பயங்கரமானது உண்மையில் சாதுவாக இருக்கலாம்!

ஆனால் பாணியை மட்டும் நம்பி ஊரைத் தீர்மானிக்கக் கூடாது. நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் இருந்த ஆகஸ்ட் புயர்மான் தொழிற்சாலை, பல வட்டாரப் பாணிகளிலும் குதிமுட்களைச் செய்து விற்றது. பாணி கலிபோர்னியாவுடையது, பிறந்த இடமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்!

ஆகவே உட்புறத்தில் முத்திரை இருக்கிறதா என்று தேடவேண்டும். அங்கும் ஒரு புதிர் உண்டு. நங்கூர முத்திரை தென்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1773 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சோதிக்கப்பட்ட வெள்ளிப் பொருள்களில் இடப்படும் முத்திரை நங்கூரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த நார்த் அண்டு ஜட் நிறுவனத்தின் அடையாளமும் நங்கூரமே. 1926இல் புயர்மான் தொழிற்சாலையை விலைக்கு வாங்கிய நிறுவனம் இதுதான். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பக்கத்தில் பாருங்கள். நடக்கும் சிங்கமும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருந்தால் அது பர்மிங்காம் வெள்ளி. இரும்பிலோ வெண்கலத்திலோ நங்கூரம் மட்டும் இருந்தால், அமெரிக்கத் தயாரிப்பாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பிற்காலத்தில் போலியாகப் பொறித்து விற்பவர்களும் உண்டு. அதை நம்பி அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டு எழுதினால், பார்ப்பவர் அனைவரும் பொய்யான வரலாற்றைக் கற்பார்கள். எனவே செய்முறை, பாணி, உலோகம், முத்திரை, தேய்மானம் ஆகிய ஐந்தும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பழைய குதிமுள் கிடைத்தால், உடனே தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். துருவோடு சேர்ந்து மங்கலான முத்திரையும் போய்விடும். பிறகு அதன் ஊரைச் சொல்ல எந்தச் சாட்சியும் இராது.