எருக்கின் பாலும் வெந்தய வரியனும்

எருக்கு முளைத்த வீடு பாழ்பட்ட வீடு என்பது நம்மிடையே நெடுநாளாக வழங்கிவரும் எண்ணம். விநாயகர் சதுர்த்தியன்று மாலையாகக் கட்டி அணிவிக்கும் பூவின் செடியையே கொல்லையில் கண்டால் வேரோடு பிடுங்கி எறிகிறோம். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கோ அதுதான் பிறந்த வீடு. செம்மஞ்சள் சிறகும், வெண்புள்ளி பதித்த கரிய சிறகு நுனியும் உடைய இப்பூச்சி, எருக்கின் இலையடியில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. வட அமெரிக்காவில் மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சிக்காகப் பால்செடிகளை விதைத்து வளர்ப்போர் பலர். அந்த மோனார்க்கும் நம் வெந்தய வரியனும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பால்செடிகளும் நம் எருக்கும் ஒரே குடும்பம்.

வீட்டில் ஓய்வில் இருப்போருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் எருக்கை விதையிலிருந்து வளர்க்கப் பரிந்துரைக்கிறோம். ஆயினும் மருத்துவமனை இதழ் என்ற முறையில் முதலில் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் தொடக்கத்தில் வலி அதிகம் இல்லாமலே போகலாம். சில மணி நேரத்திற்குப் பின் பார்வை மங்கும். வலியில்லையே என்று வாளாவிருக்கலாகாது. உடனே தூய நீரால் 15 நிமிடமேனும் கண்ணைக் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். செடியைத் தொடுகையில் கையுறை அணிக. வேலை முடியும்வரை கண்ணைக் கசக்காதீர்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் மண் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டுப் பார்வையாளராக இருப்பதே நன்று.

இந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. இதய நோயாளர் சிலருக்குத் தரப்படும் டிஜாக்சின் மருந்தும் இதே வகையினதே. ஆனால் அது மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தரப்படுவது. செடியில் அத்தகைய அளவு ஏது? ஆகவே எருக்கைக் கைமருந்தாகத் தாமே உட்கொள்வது கூடவே கூடாது. புழுவோ அந்த நஞ்சை உண்டு உடலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதனை நாடுவதில்லை.

விதைக்கு அலையவேண்டியதில்லை. சாலையோரச் செடியில் காய் முற்றி வெடிக்கத் தொடங்கும்போது பறித்தால் போதும். தாமதித்தால் பஞ்சோடு காற்றில் பறந்துவிடும். பஞ்சை நீக்கி, செம்மண்ணும் மணலும் சமமாகக் கலந்த உயரமான பையில் கால் அங்குல ஆழத்தில் ஊன்றுக. நல்ல வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. ஓரிரு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் ஆழமாக ஓடும் செடியாதலால், நான்கைந்து இலை விட்டதுமே நிலத்தில் நட்டுவிடவேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தையும் நடைபாதையையும் தவிர்த்து, வேலியோரத்தைத் தேர்ந்துகொள்வீர். நாற்றங்கால்களில் வண்ணத்துப்பூச்சிச் செடி என்று விற்கப்படும் சிவப்பும் மஞ்சளுமான பூச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. நம் மண்ணின் எருக்கு இருக்க அது எதற்கு என்பதே எங்கள் எண்ணம்.

பூத்தபின் கரிய பெரிய தச்சுத் தேனீக்கள் வரும். எருக்கின் மகரந்தம் தூளாக இராது. இணைந்த இரு சிறு பைகளாக இருக்கும். அவற்றைக் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் சுமந்து செல்வது இத்தேனீயே.

தளிரில் மஞ்சள் அசுவினி மொய்த்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவுக. மருந்து தெளித்தால் புழுவும் சாகும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைக் கரிய கொம்புகளும் உடைய புழு இலையைத் தின்று செடியை மொட்டையாக்கினாலும் கவலை வேண்டா. எருக்கு மீண்டும் துளிர்க்கும். கூட்டுப்புழுவிலிருந்து பூச்சி வெளிவரும் காலையில் அதன் சிறகு ஈரமாய்ச் சுருங்கியிருக்கும். அது விரிந்து உலரும்வரை தொடாமல், சற்றுத் தள்ளி நாற்காலியைப் போட்டு அமர்ந்து பாருங்கள்.