ஓசையடங்கிய கணினி

பொருநை ஆற்றங்கரையில் அமைந்த வணிக ஊர் ஏரல். 2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பொருநை கரை கடந்தது. ஏரலின் கடைத்தெருவிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் நெல்லும் துணியும் போனால் மீண்டும் வாங்கலாம். திருமணப் படங்களும், மறைந்த பெரியோரின் குரல் பதிந்த நாடாக்களும் சேற்றில் ஊறிப் போனால் அவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

மாணவர்களே! இத்தகைய செல்வங்களை ஒருங்கே தொகுத்து வைத்து, வீட்டுக் கூடத்தில் பெரிய திரையில் அனைவரும் கண்டு மகிழக் கணினி துணைசெய்யும். அக்கணினிக்கு இரண்டு பண்புகள் வேண்டும். ஒன்று, ஓசை அடங்கியிருத்தல். மற்றொன்று, கொள்ளளவு மிகுந்திருத்தல். இவ்விரண்டும் அமைய அதன் உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

ஓசை ஏன் அடங்கவேண்டும்? நம் பக்கத்துக் கொடை விழாக்களில் நிகழும் வில்லுப்பாட்டை எண்ணிப் பாருங்கள். உடுக்கையும் குடமும் முழங்கும்போது கணினியின் இரைச்சல் நமக்குப் புலப்படாது. ஆனால், புலவர் குரலைத் தாழ்த்திக் கதையின் துயரத்தைச் சொல்லும்போது அவ்விரைச்சல் அவர் குரலை மூடிவிடும். அலுவலகத்தில் பொறுக்கத்தக்க ஓசை, பாட்டுக் கேட்கும் கூடத்தில் பொறுக்கத்தகாததாகும்.

இவ்வோசை பெரும்பாலும் விசிறியிலிருந்து எழுகிறது. விசிறியை விரைந்து சுழலச் செய்வதோ வெப்பம். ஆகவே நோயின் முதல் வெப்பமே. கணினி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். ஆதலின், குறைந்த மின்சாரம் கொள்ளும் உறுப்புகளையே முதலில் நாடவேண்டும்.

கணினியின் மூளை செயலி. விலை மிகுந்ததும் விரைவு மிகுந்ததுமே சிறந்தது எனப் பலர் கருதுவர். படம் காட்டும் பணிக்கு அத்துணை விரைவு வேண்டா. சுருக்கிச் சேமித்த காட்சியை விரித்துக் காட்டும் தனிச் சுற்று, இக்காலச் செயலிகள் பலவற்றின் உள்ளேயே அமைந்துள்ளது. எச்.264, எச்.265 என்னும் முறைகளில் சுருக்கிய காட்சிகளை அச்சுற்று விரிக்குமா எனக் கேட்டறிந்து, 35 வாட் அல்லது 65 வாட் அளவுள்ள செயலியை வாங்கினால் போதும். விளையாட்டுக்கென விற்கும் தனி வரைகலை அட்டை இங்குத் தேவையில்லை. அது தன் வெப்பத்தோடு தன் விசிறிகளின் ஓசையையும் வீட்டுக்குள் கொண்டுவரும்.

அடுத்து விசிறி. சிறிய ஓலை விசிறியைப் படபடவென்று வீசுவதும், பெரிய விசிறியை மெல்ல அசைப்பதும் ஒரே அளவு காற்றைத் தரக்கூடும். ஓசை மட்டும் வேறுபடும். கணினிக்கும் இஃது ஒக்கும். 80 மில்லிமீட்டர் விசிறி விரைந்து சுழன்று தள்ளும் காற்றை, 140 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். ஆகவே பெரிய விசிறி பொருந்தும் பெட்டியைத் தேர்க. காற்று புகும் வழியில் தூசு வடிகட்டி இருத்தல் நன்று. வெயில் மிகுந்த நம் ஊர்களில் கணினியை மூடிய அலமாரியில் வைத்தல் ஆகாது.

மின்வழங்கியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தரம் குறைந்த மின்வழங்கி, தான் வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பகுதியை வெப்பமாக்கி வீணாக்கும். ‘80 பிளஸ்’ என்னும் தரச்சான்று பெற்றதை வாங்குக. நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாத மின்சாரத்தை அது பயனாக மாற்றும் என்பதே அச்சான்றின் பொருள்.

இனிக் கொள்ளளவைக் காண்போம். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு இல்லை; ஆதலின் ஓசையும் இல்லை. ஆயினும் பெருங்கொள்ளளவில் அதன் விலை மிகுதி. கணினியை இயக்கும் மென்பொருளுக்குச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றையும், தொகுப்புகளுக்குச் சுழலும் வன்தட்டு ஒன்றையும் கொள்ளுதல் சிக்கனமாகும். நொடிக்கு 1 மெகாபைட்டு வீதம் பதிந்த காட்சி, மணிக்கு 3.6 கிகாபைட்டு இடம் கொள்ளும். 4 டெராபைட்டு என்பது 4,000 கிகாபைட்டு. அதில் ஏறக்குறைய 1,100 மணி நேரக் காட்சிகள் அடங்கும். இதற்கு நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டே போதும். 7,200 முறை சுழலும் தட்டில் பொதுவாக வெப்பமும் ஓசையும் மிகுதி. சம அளவு ஓசையுள்ள இரண்டு தட்டுகள் சேர்ந்தால் ஓசை 3 டெசிபல் உயரும். ஆதலின் சிறிய தட்டுகள் பலவற்றினும் பெரிய தட்டு ஒன்று நன்று. அதனை இரப்பர் வளையங்களின்மேல் பொருத்தினால் அதன் அதிர்வு பெட்டிக்குப் பரவுவது குறையும்.

இத்துடன் கடமை முடிந்துவிட்டதா? இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு தட்டுகளை வைத்து இரண்டிலும் ஒரே செய்தியைப் பதிந்து வைப்போர் உண்டு. ஒரு தட்டு பழுதானால் மற்றொன்று காக்கும். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒருங்கே மூழ்கும். ஆகவே கணினியைத் தரையில் வையாது உயரத்தில் வையுங்கள். மற்றொரு வன்தட்டில் படி எடுத்து, மேட்டுப்பாங்கான வேற்றூரில் வாழும் உறவினர் வீட்டில் வையுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் அப்படியைப் புதுப்பியுங்கள்.

உறுப்புகளின் விலையை மட்டும் நோக்காது, அவை ஒன்றோடொன்று பொருந்துவதை நோக்குவதே நல்ல தேர்வு. அங்ஙனம் அமைந்த கணினி, தான் இருப்பதே தெரியாமல் அமைதியாகப் பணிசெய்யும். கூடத்தில் தாத்தாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.